பிரதிவாதி தரப்பு இரண்டாம் சாட்சி

உட்காருங்க சார், எழுந்திரிக்காதீங்க. சீட்டுக்கு மேல சட்டமன்ற உறுப்பினர்னு எழுதியிருக்கிறது இப்ப இருக்கிறவருக்கு. நான் முன்னாள். முன்னாளுக்குப் பாஸ் உண்டு, சீட்டு கிடையாது. கண்டக்டர் புதுசு, பாஸைப் பார்த்ததும் பதறிப்போயி உங்களை எழுப்புறாரு. கொஞ்சம் நகர்ந்துக்கிட்டீங்கன்னா போதும்.

எறையக்குடிக்கா? வாத்தியாரா வர்றீங்களா? நடுநிலைப் பள்ளிக்கு. சரி. சனிக்கிழமையே போயி வீடு பார்த்து வச்சுடலாம்னு கிளம்பிட்டீங்க, நல்ல காரியம். என்ன பாடம்? கணக்கா? அப்ப ஒரு கணக்கு சொல்றேன். நம்ம கோட்டைமருதூர் ஆத்தங்கரையில நின்னு பார்த்தீங்கன்னா எறையக்குடி தெரியும். தண்ணி டேங்க் தெரியும், கோயில் தெரியும், கொடியில காயிற துணி என்ன கலர்னு கூடத் தெரியும். வெயில் காலத்துல மணல்ல நடந்தா கால் மணி நேரம். இந்த பஸ் சுத்திப் போறது நாற்பத்தொரு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம்.

ஏன்யா இப்படின்னு கண்டக்டரைக் கேட்டா, பாலம் வர இருந்துச்சு சார், யாரோ ஒரு வக்கீல் கேஸ் போட்டு நிறுத்திட்டான்னு சொல்லுவாரு. அந்த வக்கீல் நான்தான். அந்தப் பாலத்தைக் கொண்டுவந்த எம்எல்ஏவும் நான்தான். ரெண்டும் ஒரே ஆளுன்னு சொன்னா நிறையப் பேருக்குப் புரியிறதில்ல. எனக்கு அதுல ஒரு குழப்பமும் இல்ல. அது பதவி, இது தொழில்.

என் பேரு தில்லைநாயகம். கோட்டைமருதூர் முன்சீப் கோர்ட்டுல முப்பத்திநாலு வருஷம். சிவில் மட்டும்தான். வரப்புத் தகராறு, வண்டிப்பாதை, பாகப்பிரிவினை. வாய்தா வாங்குறதுல இந்த ஜில்லாவுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது, பெருமைக்குச் சொல்லல. ஒரு கிணத்துக்கு நான் போட்ட வழக்கு பதினேழு வருஷம் நடந்துச்சு. தீர்ப்பு வந்தப்போ கிணறு தூர்ந்துபோச்சு. ஆனா தீர்ப்பு நம்ம பக்கம்.

என்கிட்ட வழக்குக்கு வர்றவங்களுக்கு நான் சொல்லுறது ஒண்ணே ஒண்ணுதான். எழுதி வாங்கு. அண்ணன் தம்பியா இருந்தாலும் எழுதி வாங்கு. சம்பந்தியா இருந்தாலும் எழுதி வாங்கு. வாய்ச்சொல்லை நம்பினவங்களை வச்சுத்தான் சார் எங்க தொழிலே நடக்குது.

எம்எல்ஏ ஆகுறது என் திட்டத்துல இல்ல. இருந்தவரு பதவியிலேயே காலமாயிட்டாரு. இடைத்தேர்தல். கட்சியில ரெண்டு கோஷ்டி. இந்தக் கோஷ்டி ஆளுக்குச் சீட்டுக் கொடுத்தா அந்தக் கோஷ்டி வேலை செய்யாது. ரெண்டு கோஷ்டித் தலைவருக்கும் சொந்த வழக்கு இருந்துச்சு, ரெண்டையும் நடத்தினது நான். ரெண்டுமே அப்ப பாதியில நின்னுச்சு. என்னைப் பகைச்சுக்க ரெண்டு பேராலயும் முடியாது. சரி, வக்கீலையே நிறுத்துங்கன்னுட்டாங்க. நானூத்திப் பன்னெண்டு ஓட்டுல ஜெயிச்சேன். பொதுத்தேர்தல் சீக்கிரமே வந்துடுச்சு. மொத்தம் நான் பதவியில இருந்தது இருநூத்தி எண்பத்தோரு நாள். ஒன்பது மாசம்னு வச்சுக்குங்க.

என் சம்சாரம் பேரு வேதவல்லி. எறையக்குடிக்காரி. கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க மொத்தப் பேரும் பரிசல்ல வந்து இறங்கினாங்க, ஒரு தாம்பாளம் ஆத்தோட போயிடுச்சு. தமிழ் டைப்ரைட்டிங்ல ஹையர் பாஸ் பண்ணினவ. முப்பத்தோரு வருஷமா என் பிராது, மனு, பதிலுரை அத்தனையும் அவ அடிச்சதுதான். நான் நடந்துக்கிட்டே சொல்லுவேன், அவ அடிப்பா. எங்களுக்குப் பிள்ளை இல்ல. வீட்டுல சத்தம்னு இருந்தது அந்த மெஷின் சத்தம்தான்.

நான் ஜெயிச்ச அன்னிக்கு மாலையைக் கழட்டி வைக்கிறதுக்கு முன்னாடி அவ ஒண்ணு கேட்டா. முப்பத்தோரு வருஷத்துல அவ என்கிட்ட கேட்டதே அது ஒண்ணுதான்னு நினைக்கிறேன். இல்ல, ஒரு தடவை கிரைண்டர் கேட்டா. அன்னிக்குக் கேட்டது, தன் ஊருக்குப் பாலம் வேணும்னு. அந்த ஊர்ல எட்டாவதோட பள்ளிக்கூடம் முடிஞ்சுடுது. ஒன்பதாவதுக்கு ஆத்தைத் தாண்டி வரணும். பொம்பளைப் பிள்ளைங்க பாதிப் பேர் அதோட நின்னுடும். அவ தங்கச்சி அப்படி நின்னதுதான். நீங்க எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தீங்கன்னா பார்ப்பீங்க, மார்ச் மாசம் வந்தா சில பிள்ளைங்க முகத்துல ஒரு மாதிரி தெரியும்.

சரின்னேன். அந்த ஒன்பது மாசம் நான் கொஞ்சம் வேற மாதிரி இருந்தேன் சார். அதை நான் ஒத்துக்கிறேன். எவனாவது வந்து அழுதா ஆதாரம் எங்கன்னு கேக்காம நம்பினேன். தாசில்தார் ஆபீசுக்கு நானே நடந்து போனேன். வேதவல்லி அப்ப என்னைப் பார்த்த பார்வையே வேற. சாப்பாட்டுல உப்பு, புளி எல்லாம் கச்சிதமா இருந்துச்சு. வக்கீலா இருக்கிறவன் அப்படி இருக்கக் கூடாது, ஏமாளித்தனம். நல்லவேளை ஒன்பது மாசத்துல முடிஞ்சுது.

பாலத்துக்கு இஞ்சினியருங்க வந்து பார்த்தாங்க. ஆத்துல தூண் நிறுத்துறது பிரச்சினை இல்ல. கோட்டைமருதூர் பக்கம் பாலத்துல ஏறுறதுக்கு ஒரு சாலை வேணும். அது சர்வே நம்பர் நூத்திப் பதினாலு பார் ரெண்டு வழியாத்தான் போகணும். அது கலியமூர்த்தியோட பட்டா நிலம். முப்பத்திரண்டு சென்ட் போகும். முறைப்படி கையகப்படுத்தணும்னா நோட்டீசு, ஆட்சேபணை, விசாரணைன்னு எட்டு மாசம் ஆகும். எனக்கு இருந்ததே நாலு மாசம்.

கலியமூர்த்தியை வீட்டுக்கு வரச்சொன்னேன். நல்ல மனுஷன், கரும்பு போடுறவரு. விஷயத்தைச் சொன்னேன். அஞ்சு நிமிஷம் கூட யோசிக்கல. ஊருக்கு நல்லதுன்னா எடுத்துக்குங்க சார்னாரு. காபி குடிச்சாரு, கும்பிட்டுட்டுப் போனாரு.

எழுதி வாங்கலையான்னு கேக்குறீங்களா? வாங்கல.

அப்புறம் சட்டசபையில பேசினேன். ஒரே ஒரு தடவை. ஆறு நிமிஷம் கொடுத்தாங்க. பேச்சை வேதவல்லிதான் அடிச்சுக் கொடுத்தா, மூணு பக்கம். அங்க நான் ஒரு தப்புப் பண்ணினேன், அதை அப்புறம்தான் உணர்ந்தேன். கோர்ட்டுல பேசினா எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னு முன்கூட்டியே எடுத்துச் சொல்லி அதுக்குப் பதிலும் சொல்லிடுவோம். அது எங்க பழக்கம். சபையில எறையக்குடிப் பாலத்தை எதிர்க்க ஒரு ஆள் கிடையாது. எதிர்க்கட்சிக்காரங்களுக்கு அந்த ஊர் எங்க இருக்குன்னே தெரியாது. நானா எழுந்து நின்னு, எதிர்த்தரப்பினர் இப்படி வாதிடலாம், சர்வே எண் நூற்றுப் பதினாலு பார் இரண்டு பட்டா நிலம், அதில் உரிய நடைமுறையின்றிச் சாலை போட்டால் நில உரிமையாளர் நீதிமன்றம் சென்று தடை பெறலாம், ஆனால் அவர் சம்மதித்துவிட்டார் என்று சொன்னேன். அமைச்சர் ஆவன செய்யப்படும்னாரு. செஞ்சாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அடிக்கல் நாட்டினோம். அந்தப் பேச்சை மறுநாள் பேப்பர்ல சின்னதாப் போட்டாங்க. கலியமூர்த்தியோட மூத்த மகன் அதை வெட்டி வச்சிருக்கான்.

பொதுத்தேர்தல்ல எனக்குச் சீட்டு இல்ல. ரெண்டு கோஷ்டியும் சமாதானமாயிட்டாங்க. நான் திரும்பக் கோர்ட்டுக்கு வந்தேன். ஏழு மாசம் ஒருத்தனும் என்கிட்ட வழக்கு கொண்டு வரல சார். பெரிய ஆளாயிட்டாரு, நம்ம வரப்புச் சண்டையை எடுப்பாரான்னு பாதிப் பேரு. சீட்டே கிடைக்காதவரு நமக்கு என்ன தீர்ப்பு வாங்கித் தருவாருன்னு பாதிப் பேரு. காலையில கோட்டு மாட்டிக்கிட்டுப் போயி, பார் ரூம்ல பேப்பர் படிச்சுட்டு, சாயங்காலம் கோட்டைக் கழட்டுவேன். எனக்கு ரொம்ப வேதனையா இருந்துச்சு. வேதவல்லி மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துணி போட்டு மூடி வச்சா.

அப்ப ஆத்துல நாலு தூண் எழும்பியாச்சு. சாலைக்கு மண்ணடிக்கப் பொக்லைன் வந்து நூத்திப் பதினாலு பார் ரெண்டுல இறங்குச்சு. அன்னிக்குச் சாயங்காலம் கலியமூர்த்தி மகனோட என் வீட்டுக்கு வந்தாரு, மகன் கையில அந்தப் பேப்பர் துண்டு. ஏழு மாசத்துல வழக்கோட வந்த முதல் கட்சிக்காரர்.

தடை வாங்கணும்னாரு. என்னய்யா, நீர்தானே சம்மதிச்சீர்னேன். அதுக்கு அவரு சொன்ன பதிலை நான் இன்னிக்கும் ரசிக்கிறேன்.

“அது எம்எல்ஏவுக்குக் கொடுத்த சம்மதங்க. இப்ப நீங்க எம்எல்ஏ இல்லீங்களே. அப்ப அது யாருகிட்ட இருக்கு?”

நல்ல பாயிண்ட் சார். எழுத்து இல்ல, பத்திரம் இல்ல, சம்மதம் வாங்கின ஆளும் பதவியில இல்ல. நான் யோசிச்சுப் பார்த்தேன். இதுல உள்ள ஓட்டை அத்தனையும் தெரிஞ்ச ஒரே வக்கீல் நான்தான், ஏன்னா ஓட்டை போட்டதே நான்தான். வேற வக்கீல்கிட்டப் போனா அந்த ஆளு வழக்கைக் கெடுத்துடுவான். வக்காலத்துல கையெழுத்து வாங்கிட்டேன்.

பிராதை நான் சொன்னேன், வேதவல்லி அடிச்சா. நான் எப்பவும் போல நடந்துக்கிட்டே சொன்னேன். முதல் பத்தியில சர்வே நம்பர் வந்தது. கை ஒரு நொடி நின்னுச்சு, அப்புறம் அடிச்சா. வாதி யாருக்கும் எக்காலத்திலும் சம்மதம் தெரிவித்ததில்லைன்னு சொன்னேன். அதையும் அடிச்சா. ஏழு பக்கம், நாலு நகல். ஒரு பிழை இல்ல சார், நான் சரிபார்த்தேன். அடிச்சு முடிச்சு, காகிதத்தை அடுக்கிக் குண்டூசி குத்தி மேஜையில வச்சுட்டு உள்ள போனா. பெட்டியோட வந்தா.

“பாலம் வந்துச்சுன்னா அது மேல நடந்து வர்றேன்”னா. அவ்வளவுதான். கதவைக் கூட மெதுவாத்தான் சாத்தினா.

மறுநாள் பிராது தாக்கல். அன்னிக்கே இடைக்காலத் தடை வாங்கிட்டேன். பொக்லைன் திரும்பிப் போயிடுச்சு. பார் ரூம்ல எல்லாரும் கை கொடுத்தாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து வழக்குங்க வர ஆரம்பிச்சுது, நிக்க நேரமில்ல.

ரெண்டு வருஷம் அவளை நான் போய்ப் பார்க்கல. கோபமெல்லாம் இல்ல. அரசுத் தரப்புல சாட்சிப் பட்டியல் கொடுத்தாங்க. முதல் சாட்சி இஞ்சினியர். இரண்டாம் சாட்சி வேதவல்லி, கணவர் பெயர் தில்லைநாயகம். கலியமூர்த்தி சம்மதம் சொன்னப்போ வீட்டுல இருந்தது அவளும் நானும்தான். எதிர்த்தரப்பு சாட்சியை வக்கீல் தனியாச் சந்திக்கக் கூடாது, அது தொழில் ஒழுக்கம். அதனால போகல. ஞாயித்துக்கிழமையில ஆத்தங்கரைக்கு நடக்கப் போவேன், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. அங்கேர்ந்து பார்த்தா அவ அண்ணன் வீட்டுக் கொல்லை தெரியும். அது சந்திப்பு ஆகாது.

சாட்சி விசாரணை அன்னிக்கு ஜட்ஜ் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. சின்ன வயசு, நல்ல மாதிரி. இந்தச் சாட்சியை வேற வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணட்டுமே, வேணும்னா வாய்தா தர்றேன்னாங்க. முப்பத்திநாலு வருஷத்துல கோர்ட்டே கூப்பிட்டு எனக்கு வாய்தா தர்றேன்னது அன்னிக்குத்தான். வேண்டாம்னுட்டேன். ஏன் வேண்டாம்னேன்னு இன்னும் தெரியல. ரெண்டு வருஷம் கழிச்சு அவளைப் பத்தடி தூரத்துல பார்க்கிறேன், அதை இன்னொருத்தன்கிட்ட ஏன் கொடுக்கணும்னு தோணியிருக்கலாம்.

கூண்டுல ஏறினா. இளைச்சிருந்தா. பெண் சாட்சியை அம்மான்னு கூப்பிடுறது கோர்ட்டு வழக்கம். எனக்கு வாய் வரல. சாட்சின்னே கூப்பிட்டேன்.

வாதி வந்தப்போ சாட்சி எங்க இருந்தீங்கன்னேன். சமையக்கட்டுலன்னா. சமையக்கட்டுக்கும் முன்கூடத்துக்கும் எவ்வளவு தூரம்னேன்.

“உங்களுக்குத் தெரியாதுங்களா?”ன்னா.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கம்மான்னாங்க ஜட்ஜ் அம்மா. எட்டடின்னா. மிக்சி ஓடிக்கிட்டு இருந்ததான்னு கேட்டேன். கரண்ட் இல்லன்னா. அது எனக்கும் ஞாபகம் இருந்துச்சு. குறுக்கு விசாரணையில ஒரு விதி உண்டு சார், பதில் தெரியாத கேள்வியைக் கேக்கவே கூடாது. அன்னிக்கு எனக்கு எல்லாப் பதிலும் தெரியும், அதுவே பெரிய இம்சையாப் போச்சு.

அப்படியே சம்மதம் சொல்லியிருந்தா எழுத்து மூலமா வாங்கியிருப்பாங்களேன்னு கேட்டேன். அங்க நிறுத்தியிருக்கணும்.

“நான் டைப் அடிச்சுத் தரட்டுமான்னு கேட்டேங்க. வேண்டாம், அவரு சொல்லே போதும், அவர்கிட்ட காகிதம் கேட்டா அது அவரை அவமானப்படுத்துறதுன்னாரு எம்எல்ஏ.”

கோர்ட்டு முழுக்க என்னைப் பார்த்துச்சு. கலியமூர்த்தி குனிஞ்சுக்கிட்டாரு. அவளைக் கேலி பண்ணலாம், மறுக்கலாம், ஆனா அது நடந்தது சார். நான் அப்படித்தான் சொன்னேன். அந்த ஒன்பது மாசத்துல நான் சொன்ன முட்டாள்தனமான பேச்சுல அதுதான் முதல் இடம்.

இனிமே சாட்சியோட நம்பகத்தன்மையை உடைக்கிறதைத் தவிர வழி இல்ல. கேட்டேன். நீங்கள் வாதி தரப்பு வக்கீலோட மனைவி, அவர் மேல உள்ள கோபத்தால பிரிஞ்சு வாழுறீங்க, அந்தக் கோபத்துல பொய் சாட்சி சொல்லுறீங்கன்னு சொல்றேன். எந்த வக்கீலும் கேக்குற கேள்விதான். எங்க கோர்ட்டுல மறுத்தா அதை ‘என்று சொன்னால் சரியல்ல’ன்னு பதிவு பண்ணுவாங்க. அவ அப்படி ஆயிரம் சாட்சியம் நகல் அடிச்சவ. என்னைப் பார்த்து, “எனக்கு அவர் மேல் கோபம் என்று சொன்னால் சரியல்ல”ன்னா. அச்சு அடிச்ச மாதிரி. அதைப் பதிவு பண்ணினாங்க.

அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னா. நான் எழுந்து, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பதிவு செய்யக் கூடாதுன்னு ஆட்சேபிச்சேன். ஜட்ஜ் அம்மா ஆட்சேபணையை ஏத்துக்கிட்டாங்க. அதனால அது சாட்சியத்துல இல்ல.

என்ன சொன்னான்னா கேக்குறீங்க? பதிவாகாததைச் சொல்லுறது முறையில்ல. சரி, நீங்க வாத்தியார், சொல்றேன்.

“பாலம் வேணும்னு பேசினவர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லீங்க. அவரு வந்து கூப்பிட்டா இன்னிக்கே போயிடுவேன். அவரைத்தான் காணோம்.”

இதுல எங்க சார் வழக்குக்குச் சம்பந்தம்? நான் ஆட்சேபிச்சது சரிதான்.

போன மாசம் தீர்ப்பு. ஜெயிச்சுட்டேன். நிரந்தரத் தடை. தீர்ப்பை வாங்கிப் படிச்சேன், பதினெட்டுப் பக்கம். வாய்மொழிச் சம்மதத்தால அரசுக்கு நிலத்துல உரிமை வராது, அதனால சம்மதம் கொடுத்தாரா இல்லையாங்கிற கேள்விக்கே போக வேண்டியதில்லைன்னு எழுதியிருக்காங்க. அதாவது நான் அந்தக் குறுக்கு விசாரணையே பண்ணியிருக்க வேண்டாம். உட்கார்ந்தே இருந்திருக்கலாம். சட்டம் ஒண்ணு போதும், ஜெயிச்சிருப்பேன். அதோட விட்டாங்களா? பதினாலாவது பக்கத்துல ஒரு பத்தி. பிரதிவாதி தரப்பு இரண்டாம் சாட்சியின் சாட்சியத்தை நம்ப இந்நீதிமன்றத்துக்குத் தயக்கமில்லை, அவர் உண்மையே பேசினார்னு போட்டிருக்காங்க. தேவையில்லாத பத்தி. நான் அதை நாலு தடவை படிச்சேன், எதுக்குப் போட்டாங்கன்னு புரியல.

கடைசிப் பக்கத்துல ஒரு வரி. நிலத்தை முறைப்படி கையகப்படுத்திப் பாலம் கட்ட இந்தத் தீர்ப்பு தடையல்லன்னு. இது எனக்கு முன்னாடியே தெரியும். எட்டு மாசம் ஆகுற வேலை. அரசுத் தரப்புல ஒருத்தருக்கும் இது உறைக்கல, உறைச்சாலும் செய்யமாட்டாங்க. ஊர்க்காரங்க யாராவது மனு கொடுத்து, அது பின்னாடியே வாராவாரம் அலையணும். எந்த ஆபீஸ், எந்தப் பிரிவு, எந்த மேஜையில காகிதம் தூங்கும்னு தெரிஞ்ச ஆளு வேணும்.

தீர்ப்பு வந்த அன்னிக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். வழக்கு முடிஞ்சுபோச்சு. இனிமே அவ எதிர்த்தரப்பு சாட்சி இல்ல. போய்ப் பார்க்கக் கூடாதுன்னு சொல்ல எந்த விதியும் இல்ல. பாலத்து மேல நடந்து வர்றேன்னுதான் சொல்லியிருக்கா, அந்தப் பாலத்தை நானே நிரந்தரமா நிறுத்திட்டேன். அப்பத்தான் சார் எனக்கு அது உறைச்சுது. சாப்பாடு இறங்கல. ஜெயிச்ச வழக்குக்கு யாராவது சாப்பிடாம இருப்பாங்களா? பித்தம்னு நினைச்சு மாத்திரை போட்டேன்.

அப்புறம் அந்த மனுவை நான் எழுதினேன். கையாலதான். டைப் அடிக்கக் கடைத்தெருவுல ஆள் இருக்கு, கொடுக்க மனசு வரல. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குற நாள். எறையக்குடியில குடியிருக்கிற ஒருத்தர் கொடுத்தாத்தான் எடுபடும், அதனால வேதவல்லியை முதல் மனுதாரராப் போட்டிருக்கேன். அவகிட்டக் கையெழுத்து வாங்கத்தான் இப்ப போறேன். வேற வேலை எதுவும் இல்ல.

வக்கீலா நான் இதுல பேர் போட முடியாது. கலியமூர்த்திக்கு ஆஜரானவன், இந்தப் பக்கம் வந்து நிக்கக் கூடாது. மனுவுல சேர்ந்தாலே அவரு பார் கவுன்சிலுக்கு எழுதலாம். எழுதினா எழுதட்டும். பேருக்குப் பின்னால பி.ஏ., பி.எல். போடல. முன்னாள் எம்எல்ஏன்னும் போடல. வெறும் தில்லைநாயகம், இரண்டாம் மனுதாரர்.

ஆனா மனுதாரர்னா இந்த விஷயத்துல அவருக்கு என்ன பாதிப்புன்னு ஒரு வரி எழுதியாகணும். இல்லேன்னா நீ யாருய்யான்னு திருப்பி அனுப்பிடுவான். எனக்கு அந்த ஊர்ல நிலம் இல்ல, வீடு இல்ல, படிக்கிற பிள்ளை இல்ல. மூணு நாள் யோசிச்சேன் சார். முப்பத்திநாலு வருஷத்துல ஒரு வரிக்கு நான் மூணு நாள் எடுத்ததில்ல. கடைசியில எழுதினேன். ‘இரண்டாம் மனுதாரர் எறையக்குடியில் வசிக்கும் தன் மனைவியைப் பார்க்க நாற்பத்தொரு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியுள்ளது.’

சட்டப்படி அந்த வரி போதும். ஆனா அவ எதையும் முழுசாப் படிக்காம கையெழுத்துப் போடமாட்டா. சரியில்லன்னு பட்ட சொல்லைப் பென்சிலால ஒரு கோடு போட்டு அடிச்சுடுவா, யாரு எழுதினதா இருந்தாலும். அதோ தண்ணி டேங்க் தெரியுது பாருங்க, ஊர் வந்துடுச்சு.

அந்த வரியில ‘மனைவி’ங்கிற சொல்லை அவ அடிச்சுட்டான்னா, இந்த மனுவுல எனக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது சார்.